விம்பிள்டன் பார்க்க ரெக்ஸ்டேலுக்கு

ரொறன்ரோ விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரிப் பெண் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். தங்கையின் மகள் புது வீடு வாங்கியிருக்கிறாள், குடிபூரலுக்கு வந்தேன் என்றேன். வேறு அலுவல் ஏதும் உண்டா என்றாள். இல்லை என்றேன். அந்த நாட்டு மண்ணில் கால் வைக்க முதலே ஒரு பொய். எனக்கு இருந்த அலுவல் ஒரு டெனிஸ் பந்து பற்றியது. அதை அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் போயிருந்தால், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனம் என்னைத் தூக்கி வெளியே போட்டிருக்கும்.

பந்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் நானும் மெர்சியும் ஒரே வகுப்பு. அவள் வேதக்காரி, நான் சைவம். இரண்டு பேருக்கும் பொதுவான சாமி விம்பிள்டன். யூலை மாதம் வந்தால் மெர்சி வீட்டு வானொலிக்கு முன்னால் குந்திவிடுவோம். அடுத்த நாள் பேப்பரில் வரும் படத்தை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுவோம். வென்றவளின் படம் மட்டும்தான். ஒன்பது முறை வென்றாளே ஓர் இடக்கைக்காரி, அவள் அப்போதுதான் வெல்லத் தொடங்கியிருந்தாள். மெர்சியும் இடக்கைக்காரி என்பதால் அந்த வெற்றியெல்லாம் தன் வீட்டு வெற்றி என்று நடப்பாள்.

அங்கே பார்வையாளர்கள் ஸ்ட்ரோபெரியைப் பாலாடையோடு சாப்பிடுவார்கள் என்று எங்கோ வாசித்தோம். ஸ்ட்ரோபெரியை நாங்கள் கண்டது எங்கே? ஜம்புக்காயை நறுக்கி, தகரத்தில் வருகிற ரின்பாலை ஊற்றிச் சாப்பிட்டோம். வயிற்றுக்குத்து வந்தாலும் விடவில்லை.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது, செம்மண். சுண்ணாம்புத்தூளால் கோடு போடுவார்கள். ஒரு வருடம் கொழும்பு வங்கி ஒன்று தன்னுடைய பெண்கள் அணிக்கு ஆள் தேடியது. யாழ்ப்பாணத்துப் போட்டியில் வெல்கிறவளுக்கு வேலை என்றார்கள். இறுதியாட்டத்தில் நானும் மெர்சியும். கோடு பார்க்க ஆட்கள் இல்லை. தன் பக்கம் விழும் பந்துக்கு ஆடுகிறவளே தீர்ப்புச் சொல்லவேண்டும், அதுதான் எங்கள் வழமை. கடைசிப் புள்ளிக்கு மெர்சி அடித்த பந்து என் பின்கோட்டு மூலையில் விழுந்தது. சுண்ணாம்பு பறந்ததைக் கண்டேன். என் வாய் அவுட் என்றது. அதோடு விட்டேனா? செம்மண்ணில் பந்தின் அடையாளம் கிடக்கும், யாரும் வந்து பார்க்கலாம் அல்லவா? சப்பாத்தால் அதைத் தேய்த்துவிட்டேன்.

மெர்சி வலைக்கு வந்து கை கொடுத்தாள். எனக்கு வங்கி வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் அங்கே இருந்து, முகாமையாளராகி, ஓய்வூதியமும் எடுக்கிறேன். மெர்சி சண்டைக் காலத்தில் கனடாவுக்குப் போய், பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் நின்று வேலை செய்தாள். அவள் போவதற்கு முதல் கொழும்பு வந்திருந்தாள், வங்கிக்கும் என்னைத் தேடி வந்தாள். அன்று எனக்கு வேலை நெருக்கடி. சந்திக்க முடியவில்லை.

பிறகு பேச்சில்லை. போன வருடம் பழைய மாணவிகள் கைத்தொலைபேசிக் குழு ஒன்று தொடங்கினார்கள். அதில் நான் கனடா வருவதாகப் போட்டதும் மெர்சி தனியாக ஒரு வரி எழுதினாள். வந்தால் வா, பைனலை ஒன்றாகப் பார்ப்போம். அதை வாசித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். நேரில் போய், அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் பயணம். குடிபூரல் ஒரு சாட்டு.

தங்கை மகள் வனிதாவின் வீடு நகரத்தின் கிழக்கு முனையில், ரூஜில். ஒன்றைப் போலவே ஒன்று நிற்கிற வீடுகள். முதல் நாள் காலை நடக்கப் போய், திரும்பி வந்து வேறு யாரோ வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தேன். உள்ளேயிருந்து வந்தவரும் தமிழர். வனிதா வீடோ, அந்தக் கரையிலை மூண்டாவது, முதல் உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கோ அன்ரி என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை குடிபூரல். ஐயர் புகை வராத ஓமகுண்டம் கொண்டுவந்தார். கூரையில் புகைமணி இருக்கிறதாம், உண்மையான புகை போட்டால் தீயணைப்பு வண்டி வந்து நிற்குமாம். மின்விளக்கு நெருப்பைச் சுற்றி வந்து நானும் கும்பிட்டேன். பால் மட்டும் உண்மையாகவே பொங்கியது.

புதன் முதல் உறவினர் வீடுகள். இதை வெளியாருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யாழ்ப்பாணத்தார் யாராவது ரொறன்ரோவுக்கு வந்தால், வந்த கணக்கு அவர் சாப்பிட்ட வீடுகளை வைத்துத்தான். ஒரு வீட்டை விட்டால் பத்து வருடத்துக்குக் கதை. புதன்கிழமை பக்கத்து ஊரான மார்க்கத்தில் மச்சாள் வீட்டில் மதியம் புட்டும் ஆட்டிறைச்சியும், பின்னேரம் அவள் தங்கை வீட்டில் கொத்துரொட்டி. வியாழன் மூன்று வீடு. மூன்றாவது வீட்டில் பொரித்த ரோல்ஸைக் கண்டதும் என் வயிறு அழுதது. எல்லா வீட்டிலும் கார் கராஜுக்குள் போய்த்தான் நிற்கிறது. ஒரு கிழமையில் கனடாக் காற்றை நான் சுவாசித்தது பத்து நிமிடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மச்சாள் போன் எடுத்து, ஞாயிறு மதியம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன், நீதான் முக்கிய விருந்தாளி என்றாள். ஞாயிறு ஆண்கள் இறுதியாட்டம், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். பந்தடி பார்க்கிறது ஒரு வேலையோ என்று அவள் போனை வைத்தாள். இன்றுவரை பேசவில்லை. பத்து வருடத்தில் ஒரு மாதம் கழிந்திருக்கிறது.

சனிக்கிழமை பெண்கள் இறுதியாட்டம். இங்கே நேரம் காலை பதினொரு மணி. விம்பிள்டன் என்றால் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பார்க்கிறது என்றே வாழ்நாள் முழுதும் பழகியவள் நான். அதைப் புட்டு வேகிற நேரத்தில் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. வனிதாவின் கணவர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நாற்பது வருடத்துக் குற்றத்தைச் சொல்லப் போகிறவள் மருமகனின் காரில் போய் இறங்குவதா? மெர்சி இருக்கிற ரெக்ஸ்டேலுக்குப் பஸ்ஸில் போகிறேன் என்று எட்டு மணிக்கே வெளிக்கிட்டேன்.

வீதிக்கு வந்து, நடந்து, பஸ் தரிப்பைக் கண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. கால் மணித்தியாலத்தில் வீடுகள் போய் மரங்கள் வந்தன. இருபது நிமிடத்தில் சாரதி எல்லோரும் இறங்குங்கள் என்றார். முன்னால் மிருகக்காட்சிச்சாலை. சின்னப் பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடின. எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எங்கள் நாட்டில் வாகனம் இடது பக்கம் ஓடும், இங்கே வலது பக்கம். நான் ஊர்ப் பழக்கத்தில் வீதியின் மாறுகரையில் நின்று ஏறியிருக்கிறேன். மேற்கே போக வேண்டியவள் கிழக்கே வந்து கரடி பார்க்க நிற்கிறேன்.

சாரதி ஒரு கறுப்பின மனிதர், வயது அறுபது இருக்கும். நான் ரெக்ஸ்டேல் என்றதும் கண்ணை மூடித் திறந்தார். அம்மா, ரெக்ஸ்டேல் இந்த நகரத்தின் மற்றத் தொங்கலில், மேற்கு முனையில் இருக்கிறது என்றார். அதே பஸ்ஸில் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். அந்தக் கடைசி பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. சாரதி மாறவேண்டுமாம், மாறவேண்டிய சாரதி வரவில்லையாம். ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. எங்கள் ஊரில் என்றால் அதற்குள் இரண்டு கட்சி பிறந்திருக்கும். நான் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் புறுபுறுத்தேன்.

மெர்சியின் அடுக்குமாடிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு இருபது. ஒரு மணித்தியாலம் போனாலும் பாதி ஆட்டமாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கதவைத் திறந்தது அவளுடைய மகள் ஷாமினி. முப்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்தவள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதானே பாங்க் அன்ரி?” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கடல் கடந்த வீட்டிலும் நம்மைப் பற்றிப் பேசியிருக்கிறார்களே என்று நினைத்தேன். ஓம் பிள்ளை, நான்தான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, தாயைக் கூப்பிட்டாள்.

மெர்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலை முழு வெள்ளை. கட்டிப்பிடித்தோம். மாட்ச் எந்தளவில் என்றேன். முடிஞ்சுது என்றாள். அப்போதுதான் தெரிந்தது, ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஒருத்தி பன்னிரண்டு கேமையும் எடுத்துவிட்டாள், மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்பதை எங்கள் காலத்தில் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அதைப் பார்க்கத்தான் நான் நாலு மணித்தியாலம் ஓடினேன்.

மெர்சி வென்றவளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தோற்ற பெட்டையைப் பற்றியே பேசினாள். அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் அழுதழுது மைக்கைப் பிடித்துப் பேசினாளாம், தாய் விமானம் ஏறி வந்திருந்தாளாம், அந்தத் தாய்க்கு நன்றி சொன்னாளாம். தாய் வந்திருந்ததை மெர்சி இரண்டு முறை சொன்னாள்.

மேசையில் ஒரு கண்ணாடிக் கோப்பை இருந்தது. உள்ளே ஸ்ட்ரோபெரி, மேலே ரின்பால். எனக்காகப் பதினொரு மணிக்கே செய்து வைத்திருக்கிறாள். பழம் தண்ணீர் விட்டு, பால் இளஞ்சிவப்பாகிவிட்டது. நான் சாப்பிட்டேன். ஜம்புக்காய்தான் திறம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த நேரத்தில் நான் பந்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷாமினி கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வாறன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியான கரையில் நின்று, சரியான பஸ் பிடித்து, பத்தரைக்கே போய்விட்டேன். ஷாமினி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் சோபாவில் அக்கம்பக்கமாக இருந்து பார்த்தோம். இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் தூக்கியவன் ஒரு பக்கம், சில கிழமைக்கு முன் பாரிசில் அவனிடம் கைக்கெட்டிய வெற்றியைப் பறிகொடுத்தவன் மறுபக்கம். மெர்சி முன்பு போலவே ஒவ்வொரு அடிக்கும் இடக்கையைச் சுழற்றினாள். என் தோளில் இரண்டு முறை பட்டது.

கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற ஆட்களைக் காணவில்லையே என்று கேட்டேன். அவர்களை நிறுத்திவிட்டார்களாம். இப்போது பந்து வெளியே போனால் இயந்திரம் சொல்கிறது. நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்ட நின்ற ஆட்கள் இல்லாமல் அந்தப் புல்வெளி வெறிச்சென்று கிடந்தது. ஒரு பந்து பின்கோட்டில் விழுந்தது, ஒரு குரல் அவுட் என்றது, ஆடுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

சொல்லிவிட்டேன். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. பந்து உள்ளேதான் விழுந்தது, சுண்ணாம்பு பறந்ததைக் கண்டேன், அடையாளத்தைச் சப்பாத்தால் அழித்தேன், உனக்கு வரவேண்டிய வேலையில் நான் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். எல்லாம்.

மெர்சி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“விசரி. அது அவுட் தான்” என்றாள். “அடிச்ச உடனயே எனக்குத் தெரியும், நீளமா அடிச்சிட்டன் எண்டு. சுண்ணாம்பு அந்த மூலை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. எங்கை விழுந்தாலும் பறக்கும்.”

அடையாளத்தை நான் ஏன் அழித்தேன் என்று கேட்டேன். அது உனக்குத்தான் தெரியும் என்றாள்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பின்கோட்டு மூலை அவளுக்குத் தெரிந்திருக்குமா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னாளா, இந்த வயதில் எனக்கென்ன என்று விட்டுக்கொடுத்தாளா? காட்டக் கூடிய ஒரே சாட்சியை நான்தான் காலால் தேய்த்தேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோசம். பெருமூச்சு விட்டேன். சிரித்தும் விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

“நீ உதுக்கோ வந்தனி?” என்று மெர்சி கேட்டாள். “நான் நினைச்சன் பாங்கில நடந்ததைக் கதைக்க வாறாய் எண்டு.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவள் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் சொன்னாள். கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இரண்டு கிழமை கொழும்பில் நிற்கச் சொல்லியிருந்தான். வழியனுப்ப மெர்சியின் அம்மாவும் கூட வந்திருந்தா. லொட்ஜ்காரன் பொலிஸ் பதிவு வேண்டும், கொழும்பில் இருக்கிற ஒருவரின் விலாசம் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போ என்றான். அவளுக்குக் கொழும்பில் தெரிந்த ஒரே ஆள் நான்.

“காலமை பத்து மணிக்கு வந்தனாங்கள். பியோன் வந்து நீ மீற்றிங்கில எண்டான். பகல் ஒரு மணி வரைக்கும் வாசல் மர வாங்கில குந்தி இருந்தனாங்கள். கண்ணாடிக்கு அங்காலை உன்ர சீலைக்கரை தெரிஞ்சது. அம்மா சொன்னா, பிள்ளைக்கு வேலை கூட, கரைச்சல் குடுக்காதை எண்டு.”

அன்று மீற்றிங் ஏதும் இருக்கவில்லை. பியோன் வந்து பெயரைச் சொன்னான். பந்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், எல்லோருக்கும் முன்னால் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கோப்புகளுக்குப் பின்னால் மூன்று மணித்தியாலம் ஒளிந்திருந்தேன். வேலை நெருக்கடி என்று பிறகு எனக்கு நானே சொல்லி, அதை நம்பியும் விட்டேன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே விடுகிறேன், அழித்தது போதும்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். அன்றிரவு ஒரு வேதக் கோயில் விறாந்தையில் படுத்தார்களாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். அப்படி வைத்திருக்க முடியாது என்று அடுத்த நாளே ஊருக்குப் போகிற யாழ்தேவி ரயிலில் ஏற்றிவிட்டாள்.

“ரெண்டு கிழமை என்னோட நிக்க வந்த மனிசி. ஒரு நாளில திருப்பி அனுப்பினன். அதுக்குப் பிறகு நான் அவவைக் காணேல்லை. செத்த வீட்டுக்கும் போக முடியேல்லை, அப்ப எனக்குக் கனடாப் பேப்பர் கிடைக்கேல்லை.”

பாங்க் அன்ரி. ஷாமினி என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. அம்மம்மாவைக் காணாத பிள்ளை அவள்.

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? மெர்சி என் பக்கம் திரும்பினாள்.

“என்ர பங்குக்கு ஓம். எனக்குக் கோவம் எப்பவோ போயிட்டுது. அம்மாவின்ர பங்கை நான் எப்பிடிச் சொல்லுறது, ராஜி?”

தொலைக்காட்சியில் ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டு வருடம் வென்றவன் தோற்றுப்போய் வலைக்கு நடந்துவந்தான். புதியவன் கிண்ணத்தைத் தூக்கினான். கடைசிப் புள்ளியை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

சோறு தந்தாள். மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. இரண்டாம் முறையும் போட்டாள். மறுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்துச் சாப்பிட்டேன். ஷாமினி வரமுதல் போகவேண்டும் போல் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும், திரும்பவும் பின்கதவைத் தேடுகிறேன் என்று தெரிந்து, கையைக் கழுவிவிட்டுச் சோபாவில் இருந்தேன். அவள் நாலு மணிக்கு வந்தாள். நான் எழுந்து, பிள்ளை, உன்ர அம்மம்மாவுக்கு நான் செய்தது பெரிய பிழை என்றேன். அவள் தாயைப் பார்த்தாள்.  பிறகு தேத்தண்ணி போடுறன் என்று உள்ளே போனாள்.

வெளிக்கிடும்போது மெர்சி சப்பாத்தைப் போட்டாள். வேண்டாம், உனக்கு முழங்கால் ஏலாது என்றேன். நேற்றுக் கரடி பாக்கப் போன ஆள்தானே நீ என்று மின்தூக்கிப் பொத்தானை அமத்தினாள். வீதியைக் கடந்து சரியான கரைக்குக் கூட்டிவந்தாள்.

தரிப்பில் குந்தி இருக்க ஒரு வாங்கு கிடந்தது. இருவரும் இருந்தோம். ஐந்து நிமிடத்தில் பஸ் வந்தது. அடுத்ததில் போகிறேன் என்றேன். அவள் முழங்காலை நீட்டிக்கொண்டாள். வெயில் கட்டடங்களின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அம்மாவைப் பற்றிச் சொல்லு என்றேன். சொன்னாள். வானொலிக்கு முன்னால் நாங்கள் கத்தும்போது அடுப்படியிலிருந்து யார் வெல்லுறது என்று கேட்பாவாம், இடக்கைக்காரி என்றால் ஒரு கரண்டி ரின்பால் கூட ஊற்றுவாவாம். எனக்கு அந்தக் குரல் நினைவில் இருந்தது. முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வங்கியில் அந்த வாங்கில் இருந்த ஒரு நரைத்த தலைதான் வந்தது.

இரண்டாவது பஸ்ஸையும் மூன்றாவது பஸ்ஸையும் விட்டேன். நாலாவது வந்தபோது மெர்சிதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, இடக்கையை நீட்டி அதை நிறுத்தினாள்.